எஸ்.டி.டி. பூத்தின் கதவு

நாளைக் காலையில் ஐஸ்கிரீம் ஃப்ரீசர் வந்துவிடும். அதற்கு இடம் வேண்டுமென்றால், கடை வாசலில் நிற்கும் எஸ்.டி.டி. பூத்தைத் தூக்கியாக வேண்டும்.

கடைக்காரர் தேவகுமாருக்கு அதில் ஒரே ஒரு சங்கடம்தான். பிரீனா எங்கே போவாள்?

அருமனை முக்கில் மஞ்சள் போர்டும் கண்ணாடிக் கதவுமாக நிற்கிற அந்தப் பூத்தில், போன் செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிரீனா வந்து, உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, தன் செல்போனில் குவைத்தில் இருக்கும் புருஷனோடு பேசுவாள். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் தேவகுமாருக்கும் பூத்தை ஒட்டிச் சோடா பாட்டில் அடுக்குகிற வேலை வந்துவிடும்.

ஏழு மாதக் கர்ப்பிணியை வீட்டில் வைத்துப் பேசவிடாத மாமியார் என்ன மாமியார்? இன்று கேட்டே விடுவதென்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

மாமியார் பூங்கனி முற்றத்துக் கொடியில் ரப்பர் ஷீட் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

பூத் போகப்போகிறது, இனிமேலாவது மருமகளை வீட்டிலேயே பேசவிடு என்று ஆரம்பித்தவர், மனசில் கிடந்ததையெல்லாம் கொட்டிவிட்டார்.

"அந்தப் பிள்ளைக்கு மரச்சீனிக் கெழங்கும் நெத்திலிக் கறியும் தின்ன ஆசையாம். ஒங்கிட்ட கேக்க வெக்கப்பட்டு, ஒம் மவங்கிட்ட சொல்லி அழுவுது. ஒனக்குக் கண்ணுல சோர இல்லியா, ஈவு எரக்கமே கெடையாதா?"

கோபப்படுவாள் என்று பார்த்தால், பூங்கனி கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்.

"நாந்தான் அவள அங்க அனுப்புதேன், அண்ணாச்சி. இங்க ரெண்டே முறி, நடுவுல ஒத்தச் செவரு. அவ என்ன பேசினாலும் என் காதுல விழும். எங்க வீட்டுக்காரரு சவுதியில இருந்தப்ப, வெள்ளிக்கிழமைதோறும் ஒங்க பூத்துக்குத்தான போன் வரும்? எம் மாமியாரு கதவச் சாத்தவிடாம இடையில கால வச்சு நிப்பாவ. ஓர்மையில்லியா? சொகமான்னு போன்ல அவிய கேப்பாவ, சொகம்னு நான் சொல்லுவேன். ஒம்பது வருஷம் அது மட்டுந்தான் பேசினேன்."

தேவகுமாருக்கு நன்றாக ஓர்மை இருந்தது. அந்தக் காலில் கிடந்த நீல வார்ச் செருப்புகூட.

ஃப்ரீசர் வேண்டாம், பூத் அங்கேயே நிற்கட்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

பூங்கனி பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"மரச்சீனி இன்னிக்கே அவிச்சிருதேன். ஆனா அண்ணாச்சி, கதவச் சாத்திக்கிட்டு அவ பேசினது ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"