பத்து மணிக்குக் கலெக்டர்

பிரித்திகாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பைக் ஓட்டிய மாயகிருஷ்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

வெடித்துச் சிதறிய பட்டாசுக் கம்பெனி அவருடைய கரிசல்காட்டு நிலத்தில்தான் இருந்தது. மண்ணில் ஊறிய வெடிமருந்தைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்களைப் போன வருஷம் அங்கே விட்டவள் ஆராய்ச்சியாளர் பிரித்திகா. இன்று பத்து மணிக்குக் கலெக்டர் பார்க்க வருகிறார்.

"அண்ணாச்சி, பூச்சிமருந்து எதுவும் அடிக்கலையே?"

"ஒரு சொட்டு அடிக்கலம்மா."

"கிருமி உயிரோட இருந்தாத்தான் பக்கத்துக் காடுகள்லயும் விட அனுமதி கிடைக்கும்."

"பிள்ளையப் பாக்குத மாதிரில்லா பாத்துக்கிடுதேன்! நேத்து புல்லுகூட முளைச்சிருக்கு. ஆளு, ஆடு எதுவும் உள்ள போயிரக் கூடாதுன்னு நானே போர்டு எழுதி வச்சிட்டேன்."

காட்டு முனையில் பைக் நின்றது. கரிசல் முழுக்க வெள்ளைவெளேரென்று கிடந்தது.

பஞ்சாயத்துத் துப்புரவுப் பணியாளர் திருப்பதி, காலிச் சாக்கை உதறியபடி பெருமையாக வந்தார்.

"கலெக்டர் வாராவல்லா அண்ணாச்சி, ரோட்டோரம் மட்டும் பிளீச்சிங் பவுடர் போடச் சொன்னாவ. இங்கன வந்து பாத்தா, 'கிருமி இருக்கு, உள்ளே வராதே'ன்னு உங்க போர்டு! விட்டுருவனா? காடு பூரா தூவிட்டேன். இனி ஒண்ணு பொழைக்குமா?"