கோபுரத்துக்கு முன்னால் ஒரு குழி

அப்பாவின் நெஞ்சில் ஈசிஜி மெஷினின் ஆறு ரப்பர் குமிழ்களையும் சின்னவள் ஒட்டிய விதத்தைப் பார்த்தால், குத்தினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜெல்லி சில்லென்று பட்டதும் அவர் முகத்தைச் சுளித்தார். நன்றாகச் சுளிக்கட்டும் என்று நினைத்தாள்.

வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது என்று காலையில் அவள் சொல்லி வாய் மூடவில்லை. அதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்துவிட்டார்.

அவருக்கு அது கைவந்த கலை. மூத்தவள் ஒருவனை விரும்புவதாகச் சொன்ன அன்று பிடித்தார். அம்மா தையல் கடை வைக்கிறேன் என்றபோது பிடித்தார். வீட்டில் யார் வாசலைத் தாண்ட நினைத்தாலும் அந்தக் கை நெஞ்சுக்குப் போய்விடும். டாக்டரிடம் மட்டும் வரமாட்டார்.

இன்றைக்குச் சின்னவள் விடவில்லை. ஆட்டோவில் ஏற்றி, தான் ஈசிஜி பழகும் ஆஸ்பத்திரிக்கே தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

பிழைப்புக்காகத்தான் அவள் இந்தப் படிப்பில் சேர்ந்தாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். இந்த ஒரு காகிதத்தை எடுப்பதற்காகத்தான் சேர்ந்தாள்.

மெஷின் கரகரவென்று அதைத் துப்பியது.

சின்ன மேடு, ஒல்லியான கோபுரம், பிறகு கொஞ்சம் பெரிய மேடு. எல்லாம் சீராக வந்துகொண்டிருந்தன. மாரடைப்பு என்றால் கோபுரத்துக்குப் பிறகு கோடு தூக்கிக்கொண்டு நிற்கும் என்று படித்திருந்தாள். இங்கே கோடு சமத்தாகப் படுத்துக் கிடந்தது.

பச்சைப் பொய். அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு தடுப்பார்? காகிதத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டப் போனாள்.

பாடம் சொல்லிக்கொடுக்கும் சீனியர் நர்ஸ் அதை வெடுக்கென்று பிடுங்கினாள். மாணவிகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் எரிமலை.

"கோடு தூக்கலன்னா முடிஞ்சுதா? கோபுரத்துக்கு முன்னால இவ்ளோ பெரிய குழி இருக்கே, கண்ணு எங்க போச்சு? எப்பவோ அட்டாக் வந்து, வைத்தியமே பாக்காம தானா ஆறின தழும்பு இது."

எப்போது வந்திருக்கும் என்று சின்னவள் கேட்டாள். அதைக் காகிதம் சொல்லாது என்றாள் எரிமலை.

அப்பா கூரையைப் பார்த்தபடி வாயைத் திறந்தார்.

"உங்க அக்கா கல்யாணத்தன்னைக்கு. மத்ததெல்லாம் சும்மாதான்."

அன்று சட்டையெல்லாம் வியர்வையில் ஊறி அவர் கட்டிலில் கிடந்தார். வாசலில் கார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அம்மா போக மனமில்லாமல் நின்றாள்.

அம்மாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்து, அவர் மண்டபத்துக்கு வந்து ரகளை செய்துவிடக் கூடாதே என்று அறையைப் பூட்டி, சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனவள் சின்னவள்தான்.