பத்து மணி, நாலு மணி

கணவனின் சட்டைப் பையிலிருந்து பீடிக்கட்டை உருவி, டாக்டர் பாரியின் மேசைமேல் போட்டாள் பூவம்மா.

"நுரையீரல்ல கேன்சர் வராம இருக்க இழுக்கற மருந்து குட்த்தீங்க. இந்தாளு இன்னா இழுத்துகினு கீறாரு பாருங்க."

துறைமுகத்தில் கரி அள்ளும் வரதன் தலையைக் குனிந்துகொண்டான்.

பாரிக்குச் சுருக்கென்றது. கரித்தூசியில் உழல்பவர்களிடம் அந்தப் புது மருந்தைச் சோதித்துப் பார்ப்பதே அவர்தான்.

"மருந்தை விட்டாச்சா?"

"சத்தியமா இல்ல சார். நீங்க சொன்னாப்ல பத்து மணிக்கு ரெண்டு இழுப்பு, நாலு மணிக்கு ரெண்டு இழுப்பு."

"பீடி?"

"அதுவும் பத்து மணிக்கும் நாலு மணிக்கும்தான் சார்."

"எத்தனை வருஷமா என்கிட்ட மறைச்சீங்க?"

"வருசமெல்லாம் இல்ல சார். நீங்க மருந்து குட்த்த நாள்லேர்ந்துதான்."

"அப்ப எதுக்கு ஆரம்பிச்சீங்க?"

"மருந்து இழுக்கணும்னு கேட்டா மேஸ்திரி வுடமாட்டாரு சார். பீடி குடிக்கறவனுக்குத்தான் அஞ்சு நிமிசம் வுடுவாரு. அதான் மொதல்ல பீடியப் பத்தவெச்சு ரெண்டு இழு இழுப்பேன். அவரு அந்தாண்ட திரும்பினதும் மருந்து."

பாரி பேனாவை மூடிவைத்தார். பூவம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

"மருந்த நிறுத்திடுங்க சார். பீடி தானா நின்னுடும்."