முதலில் பொங்கியது யார்?

அருங்காட்சியகத்தின் முன்கூடத்தில் 'நாட்டை உருவாக்கியவை' என்று எழுதிய மேடை ஒன்று இருந்தது. அதில் பீரங்கி மட்டும் தனியாக வீற்றிருந்தது. மூலையில் கிடந்த கரிபிடித்த அண்டாவை ஏற்றிப்போக மதியம் காயலான் கடை வண்டி வருவதாக ஏற்பாடு.

"அண்ணே, ஓரமா எனக்கும் இடம் கொடுங்க. புரட்சியில நானும்தானே இருந்தேன்?" என்றது அண்டா.

"நீ அடுப்புல குந்தியிருந்தே. நான் வெடிச்சேன், ராஜா ஓடினான், நாடு பிறந்துச்சு. போடி கரிச்சட்டி! சந்தேகம்னா சரித்திரப் புத்தகத்தைக் கேளு."

அண்டாவுக்குச் சுருக்கென்றது. உடனே அந்தப் புத்தகத்துக்குள் குடியிருந்த பூச்சியைக் கூப்பிட்டது.

"அந்த வரியைக் கொஞ்சம் படி தம்பி. தின்னுடாமப் படி."

பூச்சி செருமிக்கொண்டு படித்தது: "மக்கள் பொங்கி எழுந்தனர். புரட்சி வெடித்தது."

"கேட்டீங்களா அண்ணே? வெடிச்சது கடைசியில. எழுந்தது அதுக்கு முன்னால. எல்லாத்துக்கும் முதல்ல பொங்கினது! பொங்குறது யாரு வேலை? நான் மூணு நாள் பொங்கிப் போடலைன்னா உங்களைத் தள்ளிட்டு வர யாருக்குத் தெம்பு இருந்திருக்கும்?"

பீரங்கி தன் வாயை அண்டாவின் பக்கம் திருப்பியது. "அப்படி என்னதான் பொங்கினே?" என்று கேட்டது.

"மூணு நாளும் வெண்பொங்கல்தான்."

"வெண்பொங்கலைத் தின்னுட்டு எழுந்து வேற நின்னாங்களா? அது நிஜமாவே புரட்சிதான்!"

இரண்டும் கூடம் அதிரச் சிரித்தன. எந்தப் போரிலும் பின்வாங்காத பீரங்கி, சக்கரத்தை உருட்டி ஒரு முழம் பின்வாங்கியது.

மதியம் காயலான் கடை வண்டி வந்தபோது மூலை காலியாக இருந்தது.