தொட்டுப் பார்க்கும் வழக்கம்

முள் குத்திய கால்விரலுக்குள் இரண்டு வெள்ளையணுக்கள் காவல் போயின. அவற்றுக்குக் காலே கிடையாது. தோலை முன்னால் நீட்டி, உடம்பை அதற்குள் வழியவிட்டு நகரும். எதிரில் வருவதைத் தொட்டுப் பார்க்கும். கிருமியின் பிசுக்கு தட்டுப்பட்டால் அதே தோலை இரண்டு பக்கமும் விரித்து மூடி விழுங்கிவிடும்.

வழியில் ஒரு கிழட்டுச் சிவப்பணு அகப்பட்டது.

“ஐயா, நானும் இந்த உடம்புதான். கிருமிக் கூட்டத்தில் விழுந்ததில் பிசுக்கு அப்பிக்கொண்டது. கொஞ்சம் விசாரியுங்கள்” என்று கெஞ்சியது.

“விசாரிக்கிறதெல்லாம் நம்ம வேலை இல்லை” என்று மூத்த வெள்ளையணு அதை விழுங்கியது. இளையது பார்த்துக்கொண்டிருந்தது.

புண்ணின் ஆழத்தில் பெரிய சண்டை. மூத்தது முப்பது கிருமிகளை விழுங்கியது. அத்தனையையும் சுற்றிக் கட்டியதிலேயே அதன் தோல் தீர்ந்துபோனது. முன்னால் நீட்ட மிச்சமில்லை. மேலெல்லாம் பிசுக்கோடு அசையாமல் கிடந்தது.

இளையது அந்தப் பக்கம் வந்தது. தோலை நீட்டி மெல்லத் தொட்டது.

“தம்பி, நான்தான்டா. உன் அண்ணன்.”

“தெரியுதுண்ணே” என்றது இளையது. அதன் தோல் இரண்டு பக்கமும் விரிந்துகொண்டிருந்தது.