தயாளனின் அக்கா

பூங்கோதை ஊரார் வீட்டு முதியவர்களைப் பார்த்துக்கொண்ட ஒவ்வொரு மணி நேரமும் பராமரிப்பு வங்கியில் அவள் தம்பி தயாளன் பெயரில் ஏறியது. சேர்ந்த மணிகளுக்கு ஈடாக, பின்னாளில் அவனைப் பார்த்துக்கொள்ள வங்கி ஆள் அனுப்பும். நாற்பத்தைந்து வயதாகியும் தயாளனுக்குத் தானாகச் சாப்பிடத் தெரியாது. தனக்குப் பிறகு அவனுக்கு யார் ஊட்டுவார்கள் என்ற பயத்தில் அவள் கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை. இருபத்திரண்டு வருடம் கோயம்புத்தூர் முழுக்க அலைந்து, முன்பின் தெரியாதவர்களைக் குளிப்பாட்டினாள், தூங்க வைத்தாள். தம்பி எழும் முன் கிளம்பி, அவன் தூங்கிய பின்தான் வீடு திரும்புவாள்; அவனைப் பக்கத்து வீட்டு ஜெசிந்தா பார்த்துக்கொண்டாள்.

ஒரு புதன்கிழமை காலையில் வங்கியிலிருந்து செய்தி வந்தது. தயாளனின் ஆயுசுக்கும் போதுமான மணிகள் சேர்ந்துவிட்டன. பூங்கோதை நேரே வீட்டுக்கு வந்தாள்.

“இனிமே நானே பாத்துக்கறேன் ஜெசி. நீ வீட்டுக்குப் போ.”

ஜெசிந்தா தயங்கித் தயங்கிப் போனாள். பூங்கோதை பருப்புச் சோற்றைப் பிசைந்து தம்பியின் வாயருகே கொண்டுபோனாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“அக்கா வரட்டும்.”

“நான்தான்டா உன் அக்கா.”

தயாளன் இல்லையென்று தலையாட்டினான். பக்கத்து வீட்டுச் சுவரைக் காட்டினான். “அக்கா அங்க.”

கையில் சோறு காயும்வரை அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்துபோய் ஜெசிந்தாவின் கதவைத் தட்டினாள்.

“தம்பிக்கு எப்படி ஊட்டணும் ஜெசி?”

ஜெசிந்தா கூடவே வந்தாள். அறை வாசலில் நின்று தணிந்த குரலில் சொன்னாள். “கொஞ்ச நேரம் வெளிய இருங்கக்கா. புது ஆளு நின்னா அவன் சாப்பிட மாட்டான்.”

பூங்கோதை வெளியே நின்றாள். உள்ளே தம்பி சிரிக்கும் சத்தம் கேட்டது.