யூஜினா அன்ரியின் சர்பத்

"இதென்ன உன்ர அப்பன்ட ரோட்டா? எடு மகன் இந்த வானை!"

பக்கத்து வீட்டு யூஜினா அன்ரி கேற்றடியில் நின்று அன்றைய ஏச்சைத் தொடங்கிவிட்டார்.

கிளைவ் தலையைச் சொறிந்தான். சுற்றுலாக்காரர்கள் படுத்துறங்கிப் போக அவன் வாடகைக்கு விடும் வான் வண்டி அது. சும்மா நிற்கும் நாட்களில் கூரையிலுள்ள சோலார் பனல்தான் உள்ளிருக்கும் பெரிய பற்றரிக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும். கொட்டாஞ்சேனையின் அந்த ஒடுங்கிய ஒழுங்கையில் வெயில் விழுகிற ஒரே இடம் அன்ரியின் கேற்றடி.

"பற்றரிதான் அன்ரி பிரச்சினை. பகல் முழுக்க ஏறுது, விடிஞ்சா ஒண்டுமில்ல. புதுசும் போட்டுப் பாத்திட்டன்."

"அப்ப இந்த இடம் ராசியில்ல. கொண்டு போ!" என்றவர், மனம் கேட்காமல் ஐஸ் மிதக்கும் சர்பத்தை நீட்டினார். எவ்வளவு ஏசினாலும் அதில் மட்டும் குறை வைக்கமாட்டார்.

ஏச்சுத் தாங்காமல் கிளைவ் வானை ஹெந்தளையில் அக்கா வீட்டு வளவில் கொண்டுபோய் விட்டான். என்ன அதிசயம், பற்றரி இறங்கவேயில்லை! அன்ரியிடம் சொல்ல ஓடி வந்தான்.

அன்ரி வாடிய முகத்தோடு சர்பத் தந்தார். அது வெதுவெதுவென்று இருந்தது.

"ஐஸ் இல்லையா அன்ரி?"

"ஐஸுக்கு எங்க போற? எங்கட வீட்டுக் கறண்டை வெட்டி ரெண்டு மாசம். ராவில வயர் இழுத்து, உன்ர வான் பற்றரியிலதானே எங்கட பிரிட்ஜ் ஓடினது!"

கிளைவ் சர்பத் கிளாஸைக் கீழே வைத்தான். "அப்ப ஏன் ஒவ்வொரு நாளும் எடு எடு எண்டு ஏசினீங்க?"

"ஏசாட்டி நீ சந்தேகப்படுவாய் எண்டுதான். உண்மையாவே எடுத்திடுவாய் எண்டு ஆர் கண்டது?"